எல்லா அட்டைக்கும் பொட்டு

பிறருக்கு விளக்கம் சொல்வதில் ஒரு போதை இருக்கிறது. எதிரே இருப்பவர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டால் நமக்கு நாக்கு நிற்காது. அவர் புரிந்து தலையாட்டுகிறாரா, சீக்கிரம் முடித்தால் சாப்பிடப் போகலாம் என்று ஆட்டுகிறாரா என்றெல்லாம் யோசிக்கத் தோன்றாது. இளவயதில் இந்தப் போதை எனக்குத் தலைக்கேறியிருந்தது. அது இறங்கிய கதைதான் இது.

அறுபதுகளின் நடுப்பகுதியில் எனக்குச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் வேலை. ஓர் அறையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதை நம்பிப் பல ஊர் ஆராய்ச்சியாளர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், கணக்கு ஓடி முடியும்வரை கூட இருந்து உதவுவதும் என் பொறுப்பு.

அந்தக் காலத்தில் கணக்கை அட்டையில்தான் ஏற்ற வேண்டும். நீளவாட்டமான, சற்றுத் தடித்த காகித அட்டை. எண்ணுக்குத் தக்கபடி அதில் சின்னச் சின்ன ஓட்டைகள் போடுவோம். இயந்திரம் படிப்பது அந்த ஓட்டைகளைத்தான். மனிதர்கள் படிப்பதற்காக அதே எண்கள் அட்டையின் மேல் விளிம்பில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாருங்கள். அன்றைக்கு நான் இதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

புதுக்கோட்டையில் ஜெயசீலி என்று ஒரு கல்லூரி ஆசிரியை. சொந்த ஊர் கீரனூர்ப் பக்கத்துக் கிராமம். மழைக்கும் கண்மாய்த் தண்ணீருக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய், வெயிலில் கண்மாய்க் கரைகளில் நடந்து சேகரித்த விவரம். அதைக் கையால் கணக்குப் போட முயன்று வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டவர், கடைசியில் எங்கள் மையத்துக்கு எழுதிப்போட்டார். பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் அவருக்கு முறை கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவருக்கு வழிகாட்டியான பேராசிரியரோ ஓய்வு பெறப்போகிறார். புதியவர் வந்தால் தலைப்பிலிருந்து தொடங்கச் சொல்வார் என்று ஜெயசீலி பயந்துகொண்டிருந்தார்.

சென்னையில் ஓட்டை போட்ட அட்டைகளைப் பெட்டியோடு புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய், அவரிடம் கொடுத்துச் சரிபார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நடுவில் ஆயுத பூஜை. எங்கள் ஊரான திருவரங்குளம் பக்கத்தில்தானே என்று பெட்டியும் கையுமாக வீட்டுக்குப் போனேன். (பெட்டியைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஊருக்குக் காட்ட வேண்டாமா?)

ஊர் பார்த்தது. நடுவீட்டில் பெட்டியைத் திறந்து வைத்து, கச்சேரி செய்யும் பாகவதர் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினேன். மின்சாரம் என்றேன், மூளை என்றேன், ராக்கெட் என்றேன்.

"ஏன்டா, எல்லாத்துலயும் ஒரு மூலை வெட்டுப்பட்டு மூளியா இருக்கு?" என்று ஆத்தா கேட்டார். (எங்கள் பக்கத்தில் அம்மாவைத்தான் ஆத்தா என்போம்.)

"நல்ல கேள்வி!" என்று பயிற்சி வகுப்பில் சொல்வது போலவே சொல்லி, அட்டை தலைகீழாக இருந்தால் கண்டுபிடிக்கத்தான் மூலையை வெட்டுகிறார்கள் என்று விளக்கினேன். பிறகு விரலை உயர்த்தி ஓர் எச்சரிக்கை விட்டேன். "வரிசை மாறவே கூடாது. ஒவ்வொரு அட்டையும் முக்கியம். ஒண்ணை விட்டாக்கூட மொத்தக் கணக்கும் கெட்டுப் போயிரும்!"

ஆத்தா பயபக்தியோடு தலையாட்டினார். என் அக்கா வள்ளியும் தலையாட்டினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் பூஜை. மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நான் படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது அரிவாள்மணை, மண்வெட்டி, என் பழைய பாடப் புத்தகங்கள் ஆகியவற்றோடு அட்டைப் பெட்டியும் சரஸ்வதி படத்தின் முன்னால் இருந்தது. மூடியில் அழகாகச் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. என் தொழிலுக்கும் மரியாதை கிடைத்துவிட்டதே என்று நெஞ்சு நிறைந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் படைத்து எடுக்கும்வரை தொடக்கூடாது என்பதால் நானும் தொடவில்லை. விஜயதசமி அன்று ஆத்தாவே பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, "பத்திரமாப் போயிட்டு வா. அந்தப் புள்ளைக்கு நல்லபடியா முடியட்டும்" என்று என் கையில் கொடுத்தார்.

சென்னை. கம்ப்யூட்டர் அறை. ஜெயசீலி முந்தின நாளே ரயிலில் வந்து உறவினர் வீட்டில் தங்கி, எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். எங்களுக்குப் பின்னால் மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பெட்டிகளோடு காத்திருந்தார்கள். இயந்திரத்தைப் பராமரிக்கும் என்ஜினியர் கோபாலன் அட்டைகளை வாங்கக் கை நீட்டினார். புது ஆட்கள் முன்னால் என் கைவரிசையைக் காட்டாமல் இருக்க முடியுமா? "நானே வைக்கிறேன் சார்" என்று, வரிசையில் நின்றவர்களைப் பார்த்தபடியே கத்தை கத்தையாக எடுத்து, எண்கள் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி வைத்தேன். பொத்தானை அழுத்தினேன்.

"யாருய்யா சந்தனம் பூசிக்கிட்டு வந்தது?" என்று கோபாலன் மூக்கை உறிஞ்சினார். குளிரூட்டிய அந்த அறையில் கோயில் வாசனை அடித்தது.

இயந்திரம் சில அட்டைகளை விழுங்கியது. ஒரு விக்கல் விக்கியது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றேவிட்டது. கோபாலன் மூடியைத் திறந்து, சிக்கிய அட்டையை உருவினார். அதன் நட்டநடுவே, கல்யாணப் புடவைக்குப் பொருத்தமாக வைத்தது போல, ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். அடுத்த அட்டையை எடுத்தார். அதிலும் பொட்டு. அதற்கடுத்ததிலும். காய்ந்த சந்தனம் உதிர்ந்து, ஓட்டைகளைத் தடவிப் படிக்கும் தூரிகைகளில் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாக அப்பியிருந்தது.



ஜெயசீலி ஓர் அட்டையை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஓட்டைகள் வழியாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது.

"இது யாருங்க வச்சது?"

"எங்க ஆத்தா."

"எல்லா அட்டைக்குமா?"

"ஒண்ணை விட்டாக்கூட கணக்கு கெட்டுப் போயிரும்னு நான்தான் சொன்னேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் கண்கள் நிறைந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அதுவரை நான் அவருக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்மாய்க் கரைகளில் அவர் நடந்த நடையெல்லாம் என் வாய்ச்சவடாலில் வந்து அடைத்துக்கொண்டு நின்றது.

கோபாலன் என்னைத் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது. தூரிகைகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய அன்று முழுக்க ஆகும், எல்லோருக்கும் முறை ஒரு நாள் தள்ளிப்போகிறது என்று அறிவித்தார். வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"எல்லாருக்கும் தள்ளிப்போகுதுன்னா என் முறையும் நாளைக்குத்தானே?" என்றார் ஜெயசீலி திடீரென்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இங்கிட்டுப் பாருங்க. மேல அச்சடிச்ச எண் மேல ஒரு துளி சந்தனம் படலை. ஒரு அட்டையிலகூட படலை. வரிசையும் மாறலை. இதைப் பாத்து நாளைக்குள்ள புதுசா ஓட்டை போட்டுரலாமா?"

போடலாம். போட்டோம். பக்கத்து அறையில் ஓட்டை போடும் இயந்திரத்தின் முன்னால் நான் உட்கார்ந்தேன். அவர் எண்களைப் படிக்கப் படிக்க நான் தட்டினேன். நான் அவசரப்பட்டுப் பிழை விடவும், "நகருங்க" என்று அவரே உட்கார்ந்துவிட்டார். அதைக் கையாள அவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. அன்று நான் அதிகம் பேசவில்லை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, சீக்கிரம் கற்றுக்கொண்டார். மறுநாள் கணக்கு ஓடியது. பேராசிரியர் ஓய்வு பெறும் முன்பே ஜெயசீலி ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டமும் வாங்கினார். அடைபட்ட அட்டைகளில் ஒன்றைத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொள்ளக் கேட்டார். கொடுத்தேன்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது ஆத்தாவிடம் எகிறினேன். அவர் அசரவில்லை.

"நீ ஒறங்கிட்ட. நானும் வள்ளியும் ஒவ்வொண்ணா எடுத்து, வச்சு, முறத்துல காயவச்சு, வரிசை மாறாம அடுக்குனோம். எழுத்து மேல ஒரு சொட்டு படவிடலை. எழுத்து சரஸ்வதியில்லையா? அதான் கீழ ஓட்டையாக் கெடந்த எடமாப் பாத்து வச்சோம்."

"ஓட்டைதான் ஆத்தா எழுத்து! மெசின் அதைத்தான் படிக்கும்!"

ஆத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அம்புட்டு நேரம் பேசுனியே, ராக்கெட்டு வரைக்கும் போனியே, இதை ஒரு வார்த்தை சொன்னியாடா?"

சொல்லவில்லை. வருகிற ஆராய்ச்சியாளர்களுக்கும் அதுவரை அதை நான் கடைசியில்தான் சொல்லிவந்தேன், நேரம் இருந்தால். அதன்பின் வேலையில் இருந்தவரை என் முதல் வாக்கியம் அதுவாகவே இருந்தது. ஓட்டைதான் எழுத்து. சிலர் சிரிப்பார்கள். ஆனால் யாரும் வெறுமனே தலையாட்டியதில்லை.

வீட்டில் அது வேறு விதமாக நிலைத்துவிட்டது. முக்கியமானதை விட்டுவிட்டு யார் எதை நீட்டி முழக்கினாலும், "சரி, ஓட்டை எங்க?" என்று ஒரு குரல் வரும். வங்கிக்காரர், வக்கீல், நான், யாரும் தப்பியதில்லை.

இன்று என் பேரன் ஒரு பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். போன வாரம் போனில் தன் வேலையைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னான். ஆயிரக்கணக்கான செயலிகள் என்றான், இணைக் கணிப்பு என்றான், நினைவகப் படிநிலை என்றான். நான் இந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

"தம்பி, ஓட்டை எங்கடா?" என்றேன்.



"இருங்க தாத்தா. முதல்லேருந்து சொல்றேன்" என்றான்.