ஐந்து கெங்கையம்மனும் என் நாலு ஆன்டெனாப் பெட்டியும்

முட்டாள்தனத்தில் என்னோடு போட்டி போட ஆளில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (இதைப் படித்த என் மனைவி, "அதான் ஊருக்கே தெரியுமே" என்றாள்.)

அப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வயர்லெஸ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்றே மாதம். பிள்ளைச்சாவடியில் மீன் பிடிக்கும் செல்வம் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், "படிச்ச மாப்ள" என்று என்னை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

அங்கே படகு வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால் ஊரே கேட்கும். இரண்டு பேர் பேசினால் ஒருவருக்கும் கேட்காது. நான் நாலு ஆன்டெனா வைத்த பெட்டி ஒன்றைச் செய்து, வலை பின்னும் கூடத்தின் கூரையில் ஏற்றினேன். பல படகுகள் ஒரே நேரத்தில் பேசினாலும் குரல்களைப் பிரித்து, அந்தந்தப் படகின் பேச்சை அந்தந்த வீட்டுக்கு அனுப்பிவிடும்.

"என் பேச்சு என் ஊட்டுக்கு மட்டுந்தான மாப்ள போவும்?"

"சத்தியமா மச்சான்!"

பத்து நாளாக வலையில் பாசிதான் வந்துகொண்டிருந்தது. வீட்டில் எல்லோர் முகமும் சுண்டிப்போயிருந்தது. பதினோராம் நாள் காலை, மச்சான் கண்ணில் பெரிய மத்திக் கூட்டம் பட்டது. கரையில் இருந்த தன் மனைவி வசந்தாவை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். நான் அக்கா பக்கத்தில் பெருமையோடு நின்றேன்.

"வசந்தா, தம்பியப் பெரிய வலையோட அனுப்பு. லைட் ஹவுஸுக்கு நேர் கெழக்க. முக்கியமா அந்த மூக்கன் பயலுக்குத் தெரியவே கூடாது!"

உடனே மூக்கன் குரல் வந்தது: "தெரிஞ்சிபோச்சு பங்காளி. வந்துக்கினே இருக்கேன்."

பின்னாலேயே வேறொரு குரல்: "நாங்களுந்தான்!"

வசந்தா அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆன்டெனாவைப் பார்த்தேன்.

படகில் எழுதியிருந்த பெயரைத்தான் பெட்டிக்குள் பதிந்திருந்தேன். மச்சான் படகு 'கெங்கையம்மன்'. அந்தக் கரையில் மொத்தம் ஐந்து கெங்கையம்மன்! ஊரில் யாரும் படகை அந்தப் பெயரால் சொல்வதில்லை; 'செல்வம் படகு', 'மூக்கன் படகு'தான். பெட்டி பாவம், பாரபட்சமில்லாமல் ஐந்து பேருக்கும் பரிமாறிவிட்டது.

மச்சானின் தம்பி போய்ச் சேர்வதற்குள் அங்கே தேர்த் திருவிழாக் கூட்டம். மச்சானுக்கு மிஞ்சியது ஒரு கூடை மத்தி. சாயங்காலம் மூக்கன் நேராக வீட்டு வாசலுக்கே வந்து, மச்சான் கண்ணெதிரே எனக்கு ஒரு பை நிறைய மீன் கொடுத்து, "ரொம்ப நன்றி மாப்ள" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இன்றும் அந்த வீட்டில் யாராவது ரகசியம் சொல்ல வாயெடுத்தால், "இரு, மாப்ள வெளிய போவட்டும்" என்பார்கள்.

போன வாரம் மச்சானிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "பெட்டியத் திருத்திட்டேன் மச்சான். இப்ப படகு நம்பர் வச்சுத்தான் பதிவு. மறுபடி மாட்டிப் பாக்கலாமா?"

வலையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்:

"மூக்கனுக்கு மாட்டிவுடு."