சந்திரமதியின் காது வலி

"திங்கக்கிழமை அசெம்பிளியில நீங்கதான் பாதுகாப்பு விதியெல்லாம் படிக்கிறீங்க. நல்லா படிச்சா லைன் லீடர் வேலை உங்களுக்கு," என்றார் சூப்பர்வைசர் ஹேமநாதன்.

அந்த வேலை சந்திரமதிக்கு வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் லீடராகி அவளை அதட்டியது போதும். ஆனால் எழுத்து? சின்ன வயதிலிருந்தே அவள் கண்முன் அது வரிசை கலைந்து ஓடும். மலேசியாவின் உலு திராமில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் படிக்க அவள் முறை வரும்போதெல்லாம் இருமல் வரும், இல்லாவிட்டால் கழிவறை அழைக்கும்.

ஹேமநாதனுக்கோ எதையும் யாராவது படித்துக் காட்ட வேண்டும். ஒரு நோட்டீஸ் வந்தாலும், "நீ படி, நான் கேக்கிறேன்" என்று காலை நீட்டிக்கொள்வார். அந்தத் திமிருக்காகவே அவருக்கு 'நீபடி சார்' என்று பெயர்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஷாமளா ஒரு பேனா வாங்கி வந்தாள். எழுத்தின் மேல் இழுத்தால், காதில் செருகிய குமிழில் படித்துச் சொல்லும். சந்திரமதி மைலோ டின் முதல் கொசுவர்த்திப் பெட்டி வரை இழுத்துப் பார்த்தாள்.

"அலமாக்! இந்த டின்னு இவ்ளோ பேசுமா!"

திங்கள் காலை குமிழைக் காதில் வைத்து, மேலே பஞ்சை அடைத்துக்கொண்டு போனாள்.

"என்னடி காதுல பஞ்சு?" என்றாள் பேக்கிங் பகுதி ராசம்மா.

"காது வலி."

ராசம்மா கேட்காமலே வைத்தியம் பார்ப்பவள். கேன்டீனுக்கு ஓடிப் பூண்டு எண்ணெய் காய்ச்சிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"வேணாம் லா, டாக்டர் தொடக்கூடாதுன்னாரு!"

"தொடக்கூடாதுன்னா பெரிய வியாதியாச்சே!"

அந்தக் கூச்சலுக்கு ஹேமநாதனே வந்துவிட்டார். "நீங்க கிளினிக் போங்க. வேற யாராவது படிக்கட்டும்."

"முடியாது, நான்தான் படிப்பேன்!" என்று சந்திரமதி மேடைக்கு ஓடி, விதித் தாளின் மேல் பேனாவை இழுத்தாள். பின்னாலேயே ஏறிய ராசம்மா பஞ்சைப் பிடுங்கினாள். கூடவே வந்த குமிழ் நேராக எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தது.

காது கிடைக்காத பேனா தன் வாயையே திறந்தது. கையுறை அணியச் சொல்லி மலாய் மொழியில் ஒரு பெண் குரல் கொட்டகை முழுக்க முழங்கியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சந்திரமதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

"என்ன சிரிப்பு? ஆமா, எனக்கு எழுத்து நிக்காது. இது படிக்குது, நான் கேக்கிறேன். நீங்க கண்ணாடி போட்டா கௌரவம், நான் பேனா வச்சா கேவலமா? வேலை குடுத்தா குடுங்க, குடுக்காட்டி போங்க. முழுசும் முடிச்சுட்டுத்தான் எறங்குவேன்!"

சத்தத்தை இன்னும் கூட்டி வைத்து, கடைசி விதி வரை பேனாவை இழுத்தாள்.

"ஆபீஸுக்கு வாங்க," என்றார் ஹேமநாதன்.

வேலை போச்சு என்று ராசம்மா கிண்ணத்தோடு வெளியே நின்று அழுதாள். உள்ளே அவர் கதவைச் சாத்தினார்.

"அனுப்புறதா இருந்தா அனுப்புங்க சார். தலை குனிஞ்சு மட்டும் போக மாட்டேன்."

"யாரு அனுப்புறா? லைன் லீடர் நீங்கதான்." ஹேமநாதன் சன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பேனா எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கக்கா. எத்தனை வருஷந்தான் நானும் 'நீ படி, நான் கேக்கிறேன்'னே சமாளிக்கிறது?"