வெற்றிலை வாங்காமல் ஓடை தாண்டாத தீயணைப்புப் படை

நெல்லிவாசல்நாடு,
ஜவ்வாது மலை.
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் கோபால்சாமி அவர்களுக்கு, உங்கள் அக்கா வடிவின் வீட்டுக்காரன் ராஜாக்கண்ணு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மருமகன் குணசீலனும், என் இடது புருவம் பொசுங்கிப்போனதைத் தவிர, மற்றபடி சௌக்கியம். கண்ணமங்கலத்தில் நீங்களும், தங்கச்சியும், என்மேல் கோபமாக இருக்கும் உங்கள் அக்காவும் சௌக்கியமாக இருக்க இங்குள்ள காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்லவேண்டியதை இந்த மனுஷன் கடிதாசியாக எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். இங்கே சிக்னல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறைமேல் மட்டும்தான் கிடைக்கும். மூச்சு வாங்க ஏறி உங்களைப் பிடித்தால், "பையன் கையெழுத்து போட்டானா, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் நீங்களே திட்டி முடித்து வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாததல்ல. மலைமேல் வந்து வாத்தியார் வேலை பார்க்க மனமுள்ள ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவரும் நம் குணசீலனும் இடம் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தீர்கள். மனுவில் அவர் கையெழுத்து போட்டாயிற்று. குணசீலன் போடவேண்டியதுதான் பாக்கி. அவன் நாலு மாதமாகச் சாக்குச் சொல்கிறான் என்பதால், "போய்க் கையோட கூட்டிகினு வா" என்று உங்கள் அக்கா என்னை அனுப்பினாள். பஸ்ஸிலும் ஷேர் ஜீப்பிலும் பிறகு நடந்துமாக வந்து சேர்ந்தேன். வந்த பிறகு நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் வெறுங்கையோடு இருக்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

வந்த மறுநாள் காலையில் பனியனைத் துவைத்தேன். குணசீலன் குடியிருக்கும் வீட்டுக்கு முன்னால் ஒரு பலாமரம், அதன் கிளையில் ஒரு முழத் தண்டவாளத் துண்டு தொங்குகிறது. ரயிலே ஏறாத மலையில் தண்டவாளத்துக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றவில்லை, துணி காயப்போடத் தோதாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. போட்டேன். ஒரு குரங்கு வந்து பனியனைப் பிடித்தது. மரத்தில் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கினேன். குரங்கு விலகிக்கொண்டது, அடி தண்டவாளத்தில் விழுந்தது. மச்சான், நான் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஆயுசு முழுக்க ஏர் ஹாரன் கேட்டவன். அந்தச் சத்தத்துக்கு எனக்கே காது அடைத்துவிட்டது. அடுத்த நிமிஷம் நாலு பக்கத்திலிருந்தும் ஜனம் ஓடி வருகிறது. பெண்கள் ஈரச்சாக்கும் பச்சைத் தழையுமாக, ஆண்கள் பயிருக்கு மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு. பின்னால் ஒரு டிராக்டர், அதன் பெட்டியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. எல்லாருக்கும் முன்னால் இடுப்பில் அரிவாளோடு ஒரு அம்மாள். அவர்தான் மாணிக்கம்மாள், இந்த ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவி. நான் கையில் கம்பியோடு, மேலே சட்டையில்லாமல், குரங்கு என்று மட்டும் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அடிச்சது அடிச்சிட்டீங்க. நாங்களும் வந்துட்டோம். கூடுன படை ஏதாவது ஒரு நெருப்ப அணைக்காம கலையக் கூடாதுங்க. காளியம்மாவுக்கு ஆவாது." எல்லாரும் நெருப்பைத் தேடினார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே நெருப்பு எங்கள் வீட்டு அடுப்பு. அதில் எனக்காக உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை மரியாதையோடு வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். டிராக்டர் திரும்பி நின்றது. பித்தளை முனை போட்ட குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவன் முன்னால் வந்தான். வாயில் பல்விளக்கும் பிரஷ், நெற்றியில் நேற்றைய விபூதி. பார்த்தால் உங்கள் மருமகன். என் சோற்றை அணைத்துவிட்டு, "பிஸ்கட் இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் மாணிக்கம்மாளே வீட்டுக்கு வந்து படையின் பூர்வீகத்தைச் சொன்னார். அவருடைய மாமனார் காலத்தில் ஒரு கோடையில் சாமை வைக்கோல் பற்றிக்கொண்டு பாதி ஊர் போய்விட்டதாம். அப்போது மேலே வண்டிப் பாதை கிடையாது, கீழே இருந்து உதவி வருவதற்குள் சாம்பல் ஆறிவிட்டது. அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தப் படை. முதல் ஆயுதம் பச்சைத் தழை, அதற்கடுத்தது ஈரச்சாக்கு, அதற்கடுத்தது ஊரைக் கூட்ட மணியாக அந்தத் தண்டவாளம். அதைக் காவடி போலத் தோளில் மாற்றி மாற்றி மலையடிவாரத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் ஆயில் இன்ஜின். கீழே யாரோ ஒருவருடைய கிணறு வற்றிப்போனதால் வேலையிழந்து மலையேறிய இன்ஜின் அது. பிரகாஷ் என்கிற ஆள் கயிறு சுற்றி இழுத்தால்தான் கிளம்பும்; வேறு யார் இழுத்தாலும் இருமிவிட்டுப் படுத்துவிடும். அவன் பெண் பார்க்கப் போன இடத்திலேயே, "கோடையில மட்டும் ராத்திரி வெளியூர்ல தங்க மாட்டேன்" என்று நிபந்தனை வைத்தானாம். குழாய், எங்கோ கழித்துப் போட்ட கித்தான் குழாய், உடம்பெல்லாம் டயர் டியூபில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பித்தளை முனை இருக்கிறதே மச்சான், அதை வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்து காளியம்மன் சன்னிதியில் வைக்கிறார்கள். திருவிழாவில் அம்மனுக்கு அடுத்த மாலை அதற்குத்தான், ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் அப்புறம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பு வியாழக்கிழமை வரைக்கும்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் தண்டவாளம் மறுபடி அடித்தது. சத்தியமாக நான் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு, ஊர்த்தலைவர் கோவிந்தன் வீட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கூரை வீடு. பக்கத்தில் அந்த வருஷத்துப் புளி முழுக்கக் குவித்து வைத்திருக்கிறது. நானும் டிராக்டர் பெட்டியில் தொற்றிக்கொண்டேன். ஓடைக் கரையில் இன்ஜின் கிளம்பிற்று, குழாயை விரித்தார்கள், குணசீலன் முனையைத் தூக்கித் தோளில் வைத்தான். அப்படியே எல்லாரும் நின்றுவிட்டார்கள். தண்ணீர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, எதிரே தீ இருக்கிறது, ஒருவரும் நகரவில்லை. எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இன்னா கூத்து இது என்று கத்தினேன். மாணிக்கம்மாள் தீயை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அது அவங்க எல்லைங்க. வெத்தல பாக்கு குடுத்துக் கூப்பிடணும். கூப்பிடாம உள்ள போனா, உங்க ஊர்ல ஆளே இல்லியான்னு கேட்ட மாதிரி ஆயிடும். ஒருவாட்டி அப்பிடிப் போய்ட்டு, மூணு வருஷம் பொண்ணு குடுக்கல எடுக்கலைன்னு கிடந்தோம்."

எதிர்க்கரையில் கோவிந்தன் ஓடி வந்து நின்றார். கூப்பிடத்தான் வந்தார், ஆனால் கை வெறுங்கை. வெற்றிலைத் தட்டு அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார், ஒரு அடி வைத்துவிட்டு நின்றுவிடுகிறார். அப்படி ஒரு முகத்தை நான் யாருக்கும் பார்த்ததில்லை. அப்போதுதான் மச்சான், நான் வெற்றிலை போடுவதை உங்கள் அக்கா கல்யாணமான நாளிலிருந்து திட்டுகிறாளே, அந்த வெற்றிலைப் பை என் இடுப்பில் இருப்பது எனக்கு உறைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினேன். இருந்த வெற்றிலையில் நல்லதாக இரண்டைத் துடைத்து, பாக்கு வைத்து, கோவிந்தன் கையில் திணித்தேன். அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இந்தக் கரைக்கு வந்து, "எங்க ஊருக்கு வரணும்" என்றார். மாணிக்கம்மாள் வாங்கிக் கண்ணில் ஒற்றி மடியில் செருகினார். நான் பழக்க தோஷத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து டபுள் விசில் அடித்துவிட்டேன். டிராக்டர் பாய்ந்துவிட்டது.

அப்புறம் நான் பார்த்ததை எப்படி எழுதுவேன். முதலில் அந்தக் கித்தான் குழாய் மலைப்பாம்பு மாதிரி உப்பிக்கொண்டு எழுந்தது. கட்டுப் போட்ட இடமெல்லாம் பீய்ச்சி, பிடித்திருந்தவர்களைக் குளிப்பாட்டியது. பிறகு முனையிலிருந்து தண்ணீர் கிளம்பிற்று பாருங்கள், கூரைக்கு மேலே வில்லாக வளைந்து அந்தப் பக்கம் விழுந்தது. இரண்டு ஓரத்திலும் பெண்கள் ஒரே தாளத்தில் தழையை ஓங்கி ஓங்கி அடித்தார்கள், மாணிக்கம்மாள் குரல் கொடுக்க, ஒருத்தி கை தாழ்ந்தால் இன்னொருத்தி கை எழுந்தது. நடுவில் என் பிள்ளை. சாக்பீஸ் பிடிக்கிற கை. சின்ன வயதில் மத்தாப்பு பிடிக்கச் சொன்னால் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிவானே, அதே பையன். புகைக்குள் ஒவ்வொரு அடியாக முன்னால் போகிறான். பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் அவன் முதுகைப் பார்த்துத்தான் கால் வைக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கிட்டத்தில் பார்க்கலாம் என்று போனதில்தான் புருவம் போயிற்று. புளியில் ஒரு ஓரம் கருகியது, வீடு நின்றது. கோவிந்தன் வீட்டு வாசலிலேயே எல்லாருக்கும் கூழ் ஊற்றினார்கள். நான் குடிக்காமல் அழுதுகொண்டிருந்தேன், புகை என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த மாறுதலை விட்டுவிடுங்கள். இடம் மாறச் சம்மதித்த வாத்தியாரிடம் நல்லபடியாகச் சொல்லிவிடுங்கள். இந்தப் பிள்ளையை இங்கிருந்து பிடுங்குவது பாவம். அவன் நாலு மாதமாகக் கையெழுத்து போடாததற்குக் காரணம், இந்த மலை என்றால் அவனுக்கு உயிர் என்பதுதான். அதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். பெற்றவன் நானே மனது திருந்திவிட்டேன், தாய்மாமன் நீங்களும் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும். உங்கள் அக்காவிடம் சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல நேரம் பார்த்துச் சொல்லவும். தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். நான் புதன்கிழமைக்குள் இறங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
ராஜாக்கண்ணு.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடிப்பதற்குள் மாணிக்கம்மாள் வந்தார். ஓடையில் இறங்கிய பெருமையில் நான் வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்தேன், என்னையும் படையில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று. அவர் சங்கடப்பட்டார். இங்கே ஒரு அடுப்புக்கு ஒரு ஆள்தானாம். மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு வேலை என்று பிரித்தது பிரித்ததுதான். இந்த வீட்டு அடுப்புக்குக் குழாய் முனை. நான் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், குணசீலன், "அப்போ என் எடத்துல அப்பாவே இருக்கட்டுங்க" என்றான். மாணிக்கம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் பையன் மனுவில் கையெழுத்து போட்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவும் எழுதி வைத்து, பெட்டியும் கட்டிவிட்டான். "வரப்போற வாத்தியார் பாடம் நடத்துவார்ப்பா. வேற வீட்டுல குடியிருப்பார். முனையப் புடிக்க ஆளில்லாம எப்பிடிப்பா வுட்டுட்டு வர்றது?" என்கிறான். நாலு மாதமும் அவன் இதற்குத்தான் காத்திருந்திருக்கிறான், ஆசையெல்லாம் கண்ணமங்கலத்தில்தான். இந்தக் கடிதத்தை நாளைக் காலை உங்களிடம் கொண்டுவந்து தருவதும் அவனே. அந்த முனையை இப்போது போய்த் தூக்கிப் பார்த்தேன் மச்சான். ரொம்பக் கனமாக இருக்கிறது. கோடை முடியும்வரை நான் இறங்க முடியாது. உங்கள் அக்கா கேட்டால், பையன் வந்துவிட்டான் என்பதை மட்டும் முதலில் சொல்லவும்.