இரைப்பை கேட்டவள்

“இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோழியோட இரைப்பை எனக்கு வேணும்.”

எசெசா இதைச் சொன்னபோது அவள் கையில் பாதி தோல் சீவிய வாழைக்காய் இருந்தது. குரலை உயர்த்தவில்லை. உப்பை எடுத்துத் தரச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து வானொலியைத் திருகிக்கொண்டிருந்த அவள் கணவர் யோனசானி, இது வானொலியில் வந்த குரலோ என்று ஒரு கணம் நினைத்தார்.

அவர்கள் ஊர் வழக்கத்தில் இரைப்பை வீட்டு ஆணுக்கு உரியது. விருந்துக்கு அவனைவிட மூத்தவர் வந்தால் அவருக்கு. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அத்தை உட்கார வைத்துச் சொல்லித்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று. புருஷனிடம் எதை வேண்டுமானாலும் கேள், இரைப்பையை மட்டும் கேட்டுவிடாதே என்று எசெசாவின் அத்தையும் சொல்லித்தான் அனுப்பினாள். அம்மா காலத்தில் பெண்களுக்குக் கோழிக்கறியே கிடையாது. சமைக்கலாம், வாழையிலையில் கட்டி அவிக்கலாம், மண்டியிட்டுப் பரிமாறலாம், பிறகு பின்னால் போய் உட்கார்ந்து கீரையைத் தின்னலாம். இப்போது காலம் முன்னேறிவிட்டது என்கிறார்கள். கறி வரைக்கும் முன்னேறியிருக்கிறது. இரைப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

யோனசானி வானொலியை அணைத்தார். எழுந்து போய்த் தெருப்பக்கத்துக் கதவைச் சாத்தினார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“எசெசா, உனக்குக் காய்ச்சலா?”

“இல்ல. இரைப்பைதான் வேணும்.”

கூட்டுறவுச் சங்கத்தில் காப்பிக்கொட்டை எடைபோட்டே ஓய்வு பெற்றவர் அவர். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். இதையும் நிறுத்துப் பார்த்தார். மூன்று வருடமாக ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, அடுப்படியில் குனிய முடியவில்லை, ஒரே ஒரு கிறிஸ்துமஸாவது யாராவது சமைத்துப் போட்டு நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேனே என்று. நயமாகத்தான் கேட்டாள். அவரும் நயமாகவே சிரித்தார். உன் கை பட்டால்தான் ருசி என்றார். ஆண்கள் இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை, எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கிறது. அந்தக் கோரிக்கையாவது சோம்பல். இந்தக் கோரிக்கை கலகம். இதற்குத் தண்டனை தராமல் விட்டால் நாளைக்கு அவர் நாற்காலியையும் கேட்பாள்.

“இரைப்பை கேட்ட கை இனி கோழியைத் தொடக் கூடாது. பண்டிகை முடியுற வரைக்கும் நீ சமையல்கட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று தீர்ப்பு சொன்னார். அவருக்குத் தெரிந்ததில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

எசெசா கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். தலையைக் குனிந்துகொண்டு போய் மாமரத்தடிப் பாயில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“வெளிய யாருக்கும் தெரியக் கூடாது” என்றார் யோனசானி.

“நான் ஏன் சொல்லப்போறேன்” என்றாள்.

அப்போது அவர் நினைவுக்கு வந்தது அண்ணன் எரியசாபு. கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த மலையிலிருந்து வருவார். அவருக்கென்று தனி வாழையிலைப் பொட்டலம், அதற்குள் நிலக்கடலைக் குழம்பில் வெந்த கோழி, கோழியோடு இரைப்பை. இதில் ஒன்று குறைந்தாலும் குலத்துக் கூட்டத்தில் அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேசுவார். யார் சமைப்பது?

யோனசானி கம்பாலாவிலிருக்கும் மகன் செம்பத்யாவை அலைபேசியில் கூப்பிட்டு, அம்மாவுக்குக் கைவலி, மருமகளை இரண்டு நாள் முன்னதாகவே கூட்டிக்கொண்டு வா என்றார். ஒரு பொய்யில் காரியம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

மருமகள் டோரீன் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள். சமையலைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகள் பல உண்டு. ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் கோழிகள், உரித்துக் கழுவி, கல்லாய் உறைந்து. யோனசானி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வயிற்றுக்குள் துடைத்துவைத்த பாத்திரம்போல ஒன்றுமே இல்லை.

“இரைப்பை எங்கே?”

“அதெல்லாம் கடையிலேயே எடுத்துடுவாங்க மாமா. நமக்கு வேலை மிச்சம்.”

அவருக்கு வேர்த்துவிட்டது. இரைப்பை இல்லாத கோழியை அண்ணன் முன்னால் வைத்தால் அர்த்தம் ஒன்றுதான்: இந்த வீட்டுப் பெண்கள் தின்றுவிட்டார்கள். உயிர்க்கோழி வாங்கலாம் என்றால் டோரீனுக்கு இறகு பிடுங்கத் தெரியாது. தெரிந்த கைக்கு அவரே தடை போட்டிருக்கிறார். மாமரத்தடியைப் பார்த்தார். எசெசா வெறும் வாயை மென்றுகொண்டு மேகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நகரமான மசாக்காவின் கறிக்கடையில் இரைப்பையைத் தனியாக நிறுத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தொப்பியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு போனார். கடையில் அவருக்கு முன்னால் தொப்பியை அதேபோல இழுத்துக்கொண்டு ஒருவர் நின்றார். பக்கத்து வீட்டுக் கசிரியே. கையில் பை. பைக்குள் இரைப்பை.

“நாய்க்கு” என்றார் கசிரியே.

“எனக்கும் நாய்க்குத்தான்” என்றார் யோனசானி.

இருவர் வீட்டிலும் நாய் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். பண்டிகை வாழ்த்துச் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.

மருமகள் இருக்கும் சமையல்கட்டுக்குள் மாமனார் நுழையக் கூடாது. அதனால் யோனசானி பையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எதிரேயிருந்த வாழைமரத்தைப் பார்த்து, ஒன்றை மட்டும் பெரியப்பா பொட்டலத்தில் வை என்று சொன்னார். உள்ளேயிருந்து டோரீனின் குரல் வந்தது.

“இவ்வளவு இருக்கே மாமா. எனக்கு ரொம்பப் பிடிக்கும். கம்பாலாவுல குச்சியில குத்திச் சுட்டு விக்கிறான், சாயங்காலம் பாங்க் விட்டதும் பொண்ணுங்க நாங்க எல்லாரும் அங்கதான் நிப்போம். நானும் ரெண்டு எடுத்துக்கவா?”

யோனசானி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு முழுத் தலைமுறை, தெருவோரத்தில் நின்று, காசு கொடுத்து, குச்சியில் குத்தித் தின்றுகொண்டிருக்கிறது. இது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி.

மாமரத்தடியிலிருந்து எசெசா மெதுவாகக் கேட்டாள். “இவளுக்கும் அதே சட்டம்தானே? இல்ல எனக்கு மட்டுமா?”

சட்டம் போட்டவருக்கு வேறு வழி இருக்கவில்லை. டோரீனும் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். தண்டனை வாங்கியவள்போல இல்லை, பரோலில் வந்தவள்போல வந்தாள். மாமியார் பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

கிறிஸ்துமஸ் காலை பெண்கள் இருவரும் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். தகப்பனும் மகனும் அடுப்படியில் இருந்தார்கள். வாழையிலையைத் தீயில் காட்டி வாட்டினால்தான் மடியும் என்பதை யோனசானி ஆயுள் முழுக்கச் சாப்பிட்டும் அறிந்திருக்கவில்லை. பச்சையாக மடித்தார், கிழிந்தது. இரண்டு இலையாக மடித்தார், இரண்டும் கிழிந்தன. செம்பத்யா சணலால் இறுக்கிக் கட்டினான், குழம்பு அடியில் ஒழுகி நெருப்பை அணைத்தது. நெருப்பை ஊதினார்கள். வாழைக்காய்ப் பாலில் கையெல்லாம் கறுத்தது, அந்தக் கையால் கண்ணைத் துடைத்து முகமும் கறுத்தது. யோனசானி இருமினார். பக்கத்து வீட்டிலும் யாரோ இருமினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். ஊரில் சளி பரவுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அண்ணன் எரியசாபு சொன்ன நேரத்துக்கு வெகுமுன்பே வந்துவிட்டார். தனியாக வந்தார். நேற்றிலிருந்து சாப்பிடாதவர்போல மூக்கை உறிஞ்சி அடுப்புப் பக்கமே பார்த்தார்.

“அண்ணி வரல?” என்று கேட்டார் யோனசானி.

“அவளுக்குக் கைவலி.”

“எசெசாவுக்கும் கைவலிதான்.”

சகோதரர்கள் இருவரும் கொஞ்ச நேரம் வாழைத்தோப்பைப் பார்த்தார்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

அப்போது எசெசா உள்ளறையிலிருந்து வெளியே வந்தாள். தேவாலயத்திலிருந்து திரும்பியவள் உடை மாற்றியிருந்தாள். தோளில் கூர்மையாக நிற்கும் புது நீலப் பட்டு அங்கி, இடுப்பில் அகலப் பட்டை, கையில் தோல்பை. பின்னாலேயே டோரீன், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு. யோனசானி எசெசாவை அவசரமாக வாழைமரத்துப் பின்னால் அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்தினார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் அவளைவிடத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“இரைப்பையை நீயே எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ. அண்ணனுக்குத் தெரியாம பாத்துக்கலாம். அடுப்பை மட்டும் கொஞ்சம் வந்து பாரு.”

எசெசா அவர் முகத்திலிருந்த கரியைப் பார்த்தாள். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவர் நெற்றியில் ஒரே ஒரு இடத்தைத் துடைத்துவிட்டு, மடித்து உள்ளே வைத்தாள்.

“எனக்கு அது பிடிக்காதுங்க. ரப்பர் மாதிரி இருக்கும். மெல்லவே முடியாது.”

வாழ்நாளில் தொடாத பண்டத்தை மெல்ல முடியாது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி அவர் தொண்டை வரை வந்தது. அதைவிடப் பெரிய கேள்வி முந்திக்கொண்டது.

“பிடிக்காட்டி அப்புறம் எதுக்குடி கேட்ட?”

அவள் முற்றத்தைக் கடந்தாள். அடுப்பைத் தாண்டினாள், திரும்பிப் பார்க்கவில்லை. தெருப்பக்கத்துக் கதவை, அவர் அன்றைக்குச் சாத்திய அந்தக் கதவை, இரண்டு பக்கமும் அகலத் திறந்தாள். முழங்கால் வலிக்காரி நடப்பதுபோல இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறவள் நடப்பதுபோல இருந்தது.

வெளியே வெள்ளை வேன் ஒன்று நின்றது. மசாக்கா வழியில் ஓட்டும் கதும்பாவின் வண்டி. ஜன்னலுக்கு ஜன்னல் பட்டு அங்கியின் கூரிய தோள்கள், தேவாலயத் தாய்மார் சங்கம் மொத்தமும். கசிரியேயின் மனைவி முன்னிருக்கையில் இருந்தாள். அவளுக்குப் பின்னால், கைவலி துளியும் இல்லாமல் கையாட்டிக்கொண்டு, எரியசாபுவின் மனைவி. எசெசா ஏறினாள். டோரீன் ஏறினாள். கதவு சறுக்கி மூடியது.

யோனசானி கரிக்கையோடு ஓடிப்போய் ஓட்டுநரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, எங்கே கூட்டிப்போகிறாய், என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டார்.

கதும்பா இஞ்சினை உறுமவிட்டபடி சொன்னான்: “நபுகாபோ ஏரிக்கரை விடுதிக்குங்க, அக்டோபர்லயே இவங்களுக்கு மதியச் சாப்பாட்டு மேஜை சொல்லியாச்சு, எல்லா வீட்லயும் ஒரே நாள்ல இரைப்பை கேட்டாங்களாம், வெட்கத்துல ஒரு ஆம்பளையும் பக்கத்து வீட்ல சொல்ல மாட்டான்னு அவங்களுக்குத் தெரியாதா ஐயா?”