ஆயிரம் கப்பும் ஒரு கப்சாவும்

இனிமேல் சோத்து நேரத்தில் இந்த வீட்டில் உலகச் செய்தி கிடையாது என்று கோதண்டபாணி சட்டம் போட்டார். சட்டம் போட்ட நேரத்தில் வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. அப்படி இருக்கும்போதுதான் அவருக்குச் சட்டம் போடவே வரும்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அவருக்கு ஒரு சின்னப் பட்டறை. டீக்கடைக் கப்பும் ஊறுகாய் ஜாடியும் போடுகிற பட்டறை. அங்கே அவர் ஒரு சத்தம் போட்டால் வேலையாட்கள் பீடியை அணைப்பார்கள். வீட்டில் அணைவது கேஸ் அடுப்பு. அதை அணைப்பது அவர் மனைவி சொர்ணாம்பாள்.

இரண்டாயிரத்து எட்டு, மே மாதம். பர்மாவில் புயல் அடித்து ஊர் ஊராகக் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது. ஒரு சேனலில் தினமும் ராத்திரி எட்டரைக்கு அந்தப் படத்தைக் காட்டி, கீழே போன் நம்பரை ஓடவிட்டு, உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டரை என்பது கோதண்டபாணி இலைக்கு முன்னால் உட்காருகிற நேரம். சொர்ணாம்பாளுக்கு ஒரு குணம். டிவியில் பசித்த பிள்ளை தெரிந்தால் இவருக்குச் சோறு போடமாட்டாள்.

"அந்தப் புள்ள நம்மளயே பாத்துக்கிட்டு இருக்குது. அது முன்னாடி எப்படிங்க சாப்புடுவீங்க?"

"அது கேமராவப் பாக்குது. என்னையப் பாக்கல."

"கேமராவப் பாத்தா நம்மளப் பாத்த மாதிரிதான். அந்தப் பொம்பளயப் பாருங்க, கொட்டாங்குச்சியில கஞ்சி வாங்குது. ஒரு கப்பு கெடயாது அவளுக்கு. நீங்க கப்பு பட்டறை வெச்சிக்கிட்டு எங்கிட்ட ரசம் கேக்குறீங்க."

"ஆமா, கப்பு வெச்சிருக்கேன். சூளைக்கு எவன் கரண்ட் பில்லு கட்டுறான்? பர்மாக்காரனா கட்டுறான்?"

"கடலூர்ல சுனாமி வந்தப்ப எந்த ஊர்க்காரனோ கம்பளி அனுப்பலியா?"

"அனுப்பினான். நம்ம ஊரு வெயிலுக்குக் கம்பளி. போத்திக்கிட்டவன் வேர்த்தே பாதியாயிட்டான்."

"அனுப்பினவனுக்கு மனசு இருந்துச்சு. உங்களுக்குக் கம்பளியும் இல்ல, மனசும் இல்ல." அடுப்பு அணைந்தது.

தானம் என்றால் கோதண்டபாணிக்கு ஒரு சித்தாந்தமே உண்டு. கொளஞ்சியப்பர் கோயில் உண்டியலில் போட்டால் சாமிக்குத் தெரியும். தெருவில் ஒருத்தனுக்குப் போட்டால் தெருவுக்காவது தெரியும். கண் காணாத தேசத்துக்குப் போட்டால் யாருக்குத் தெரியும்? நடுவில் இருக்கிறவன் முக்கால்வாசியை முழுங்கிவிட்டு ஏப்பத்தை மட்டும் அங்கே அனுப்புவான். எஸ்டேட் டீக்கடையில் இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டில் எட்டரைக்கு என்ன நடக்கிறது என்று யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது நாள் ராத்திரியும் வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்த மனிதர், மறுநாள் கேபிள்காரன் கோகுலகிருஷ்ணனைத் தனியாகப் பிடித்தார்.

"தம்பி, எங்க வூட்டுக்கு மட்டும் அந்தச் சேனல் வராம பண்ணிடேன்."

"பண்ணிடலாம் சார். அக்காவுக்கு டிவி புடிக்கலியா?"

"எனக்குச் சோறு புடிக்குது, அதான்."

சேனல் போனது. கூடவே சொர்ணாம்பாளும் போனாள். எட்டு இருபத்தைந்துக்கெல்லாம் பக்கத்து வீட்டு ரீட்டா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். ரீட்டா மாதா கோயில் பெண்கள் சங்கத்தில் இருக்கிறவள். அவள் வீட்டு டிவியும் பெரிய டிவி. பசித்த பிள்ளைகள் அதில் இன்னும் பெரிதாகத் தெரிந்தார்கள். முன்பாவது மோர் கிடைத்தது. இப்போது மோர்ச் சட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் அவருக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. சொர்ணாம்பாள் திரும்பி வந்ததும் ஈசி சேரில் சாய்ந்தபடி, போகிற போக்கில் சொல்கிற மாதிரி சொன்னார்.

"நீ சும்மா அழுவாத. நான் அனுப்பிட்டேன்."

"என்னத்த?"

"கப்பு. பர்மாவுக்கு. பட்டறையிலேருந்து ஆயிரம் கப்பு."

"நெஜமாவா?"

"பின்ன? வெளிய சொல்லிக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது. நீயும் சொல்லாத."

"நல்ல கப்பா? ஒச்சம் விழுந்த செகண்ட்ஸா?"

"அத்தனையும் ஃபஸ்ட். நகத்தால தட்டினா மணி மாதிரி கேக்கும்."

சொர்ணாம்பாள் அவரையே பார்த்தாள். "எப்பங்க அனுப்பினீங்க?" "காலையிலதான்" என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு உங்களுக்கு விரால் மீன் கொழம்பு வெக்கறேன்" என்றாள்.

வைத்தாள். நடுத்துண்டு, தலைத்துண்டு எல்லாம் இவர் இலையில். ஒரு பொய்க்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான புதிதிலேயே ஆரம்பித்திருக்கலாமே என்று கோதண்டபாணி நினைத்துக்கொண்டார். விரலை நக்கும்போதுதான், பின் ரூம் பக்கம் பார்வை போய், மனசு லேசாகக் குறுகுறுத்தது.

அந்தப் பின் ரூமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் ஆயிரம் கப்பு இருந்தது. நிஜமான கப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்மாபுரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு, தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க என்று ஆர்டர் வந்தது. வெள்ளைக் கப்பு, விளிம்பில் நீலக் கோடு, நடுவில் 'ராஜமாணிக்கம் – சிவசங்கரி திருமண நினைவுப் பரிசு'. சூளையிலிருந்து கப்பை இறக்கின அன்றைக்கே, பைக் என்ன கலர் என்ற தகராறில் கல்யாணம் நின்றுபோனது. கப்பை எடுத்துப்போக ஒருத்தரும் வரவில்லை. வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டி வீட்டுப் பின் ரூமில் அடுக்கினார் கோதண்டபாணி. சொர்ணாம்பாளின் தையல் மிஷின் அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ரெண்டு வருஷமாக அது வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

"இத எடுத்துத் தூரப் போடுங்க. எனக்கு மிஷின் வேணும்."

"போடறதா? உலகத்துல ராஜமாணிக்கத்துக்கா பஞ்சம்? சிவசங்கரிக்கா பஞ்சம்? எங்கயாவது ஒரு ஜோடி சேராமயா போயிடும்?"

அதற்காகக் கண்ணில் பட்ட கல்யாணப் பத்திரிகையை எல்லாம் வாங்கிப் படித்தார். ஒரு தடவை ராஜமாணிக்கம் கிடைத்தார், பெண் பேர் வீராயி. இன்னொரு தடவை சிவசங்கரி கிடைத்தாள், மாப்பிள்ளை வெறும் மாணிக்கம். 'ராஜ'வை மட்டும் எடுத்துவிட்டால் ஆயிரம் கப்பும் விலை போய்விடுமே என்று உப்புத்தாளை வைத்து ஒரு நாள் முழுக்கத் தேய்த்தார். சூளையில் சுட்ட எழுத்து. கப்பு தேய்ந்தது, ராஜா தேயவில்லை.

மீன் குழம்பு சாப்பிட்ட மூன்றாம் நாள் கோதண்டபாணி டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் காசு வாங்கவில்லை. "வள்ளல் கிட்ட காசு வாங்குனா எனக்கு ஆவாது சார்."

"யாரு வள்ளல்?"

"டிவி பாக்கலியா? லோக்கல் சேனல்ல கீழ ஓடிக்கிட்டே இருக்குதே."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'பர்மா புயல் மக்களுக்கு ஆயிரம் கோப்பைகள் வழங்கும் செராமிக் வள்ளல் கோதண்டபாணி அவர்களுக்கு நன்றி.' கேபிள்காரன் கோகுலகிருஷ்ணன் சேனலை வெட்டின பாவத்துக்குப் பிராயச்சித்தமாக இலவசமாகவே ஓட்டியிருந்தான். முதல் தடவை ஓடும்போது கோதண்டபாணி டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார். ரெண்டாம் தடவை ஓடும்போது பேர் நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தது. மூன்றாம் தடவைக்கு மீசையைத் தடவிக்கொண்டார். 'வழங்கும்' என்று போட்டிருக்கிறார்களே, 'வழங்கிய' என்றல்லவா வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இலக்கணம் தெரியாததால் ஒரு மனுஷன் எப்படி மாட்டிக்கொள்கிறான் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து ரீட்டா இறங்கினாள். பின்னால் அரிசி மூட்டை, துணி மூட்டை, பாத்திரம்.

"அண்ணே, எல்லாம் ஏத்தியாச்சு. உங்க கப்புதான் பாக்கி. சென்னையில கொண்டுபோய்க் குடுத்தா அங்கேருந்து கப்பல்ல போவுது."

"அது... நான் அப்பவே அனுப்பிட்டனே ரீட்டா."

"அக்கா இங்கதான் இருக்குதுன்னு சொன்னாங்களே. எங்க சாமியார் பூசையில உங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணாரு. ஊரே கை தட்டிடுச்சுண்ணே."

கோதண்டபாணி "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு, மனைவியைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"நான் என்னா பண்ணேன்? நீங்க குடுத்தத நாலு பேருக்குச் சொன்னேன்."

"சொல்லாதன்னு சொன்னேன்ல?"

"குடுத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்." அவள் கடுகை டப்பாவில் கொட்டிக்கொண்டே பேசினாள். "ஆயிரம் கப்பு அனுப்புனீங்களே, எதுலங்க சுத்தி அனுப்புனீங்க?"

"வைக்கோல்லதான். வேற எதுல சுத்துவாங்க?"

"எந்த வைக்கோலு? உங்க பட்டறைக்கு வைக்கோல் போடறது கருவேப்பிலங்குறிச்சியில என் தம்பி பழமலைநாதன். அன்னிக்கு ராத்திரியே போன் போட்டுக் கேட்டேன். மாமா ஒரு மாசமா ஒரு பிரி வைக்கோல்கூட கேக்கலக்கான்னான். வைக்கோல் இல்லாம ஆயிரம் கப்பு பர்மாவுக்கு எப்படிங்க போவும்? நீச்சல் அடிச்சிக்கிட்டா?"

கோதண்டபாணி கடுகு டப்பாவின் மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்க அனுப்புனது கப்பு இல்லீங்க. கப்சா."

"அப்ப தெரிஞ்சிக்கிட்டேதான் மீன் கொழம்பு வெச்சியா?"

"தெரிஞ்சிக்கிட்டேதான் நடுத்துண்டும் போட்டேன்."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கோதண்டபாணி கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டறையில் இருக்கிற கப்பு முழுக்க மங்கலம்பேட்டைக் கடைகளுக்கு. அதில் கை வைக்க முடியாது. மிச்சம் ஒரே இடம்தான். அது அவளுக்கும் தெரியும். அதற்காகத்தான் பின் ரூம் சாவி அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது கல்யாண கப்பு சொர்ணம். பேரெல்லாம் போட்டிருக்குது."

"கஞ்சிக்குப் பேரா முக்கியம்?"

"ஒரு ஜோடி வந்துட்டா?"

"வரட்டும், புதுசா சுட்டுக் குடுங்க. இப்ப லாரி வாசல்ல நிக்குது. கப்பு கப்பல் ஏறுதா, உங்க மானம் கப்பல் ஏறுதா? ஒரு கப்பல்ல ரெண்டும் ஏறாது. சொல்லுங்க."

கப்பு ஏறியது. கடைசிப் பெட்டியை ஏற்றும்போது ஒரு கப்பைக் கையில் எடுத்துப் படித்துப் பார்த்த ரீட்டா, "அண்ணே, பர்மாவுல தமிழ் ஆளுங்க நெறய இருக்காங்களாம். படிச்சிடுவாங்களே" என்றாள்.

"படிச்சா நல்லதுதான்" என்றாள் சொர்ணாம்பாள். "வாழ்த்திட்டுக் குடிக்கட்டும். அங்க வாழ்த்தினாவாவது இதுங்க ரெண்டும் ஒண்ணு சேருதான்னு பாப்போம்."

ரீட்டா கையிலிருந்த அந்த ஒரு கப்பு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. லாரி திருப்பத்தில் மறைகிற வரை கோதண்டபாணி தெருவிலேயே நின்றார். ஆயிரம் கப்பு போனதே என்று வயிறு எரியவேண்டும் என்று எதிர்பார்த்தார். எரியவில்லை. பெட்டி சரியாகக் கட்டியிருக்கிறதா, நம்ம ஊரு ரோட்டில் குலுங்கி உடைந்துவிடாதா என்றுதான் நினைப்பு ஓடியது. உள்ளே பின் ரூமில் தையல் மிஷின் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த ரூமில் வெளிச்சம் விழுந்ததைப் பார்க்க அவருக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் டீக்கடையில் ஒருத்தர், "இதெல்லாம் எங்க சார் போய்ச் சேரப் போவுது? நடுவுல இருக்கிறவன் தின்னுடுவான்" என்றார். போன வாரம் வரை கோதண்டபாணி சொன்ன அதே வசனம்.

"பீங்கானத் தின்ன முடியுமாய்யா? தின்னுட்டுத்தான் பாக்கட்டுமே, பல்லு இருக்குதான்னு" என்று சீறிவிட்டு, பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார். நேராக கேபிள்காரனிடம் போனார். "தம்பி, அந்தச் சேனலத் திருப்பிக் குடுத்துடு."

அன்றைக்கு எட்டரைக்குச் சொர்ணாம்பாள் விரால் மீன் குழம்பு வைத்து, இலையும் போட்டு, சோறும் பரிமாறிவிட்டாள். சேனலில் பர்மா ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அடுப்பு அணையவில்லை. ஆனால் கோதண்டபாணியின் கை இலைக்குப் போகவில்லை. மிச்சமாகத் தங்கின அந்த நீலக்கோட்டுக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, திரையில் வருகிற ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்புடுங்க."

"இரு. அந்தப் பொண்ணு கையில என்னா வெச்சிருக்குது பாரு. வெள்ளையா தெரியுது."

"உங்க கப்பு இன்னும் சென்னையையே தாண்டியிருக்காதுங்க."

"ஒரு வேளை லாரி வேகமா போயிருந்தா?"

"கடல்ல லாரி போவாது. சாப்புடுங்க, சோறு ஆறுது."

"கஞ்சி ஊத்தறான் பாரு. ஊத்து, ஊத்து, இன்னும் கொஞ்சம் ஊத்துடா. இந்தப் புள்ள குடிக்கட்டும் சொர்ணம். அது குடிச்சப்பறம் சாப்புடறேன். அது நம்மளயே பாத்துக்கிட்டு இருக்குது."

சொர்ணாம்பாள் அவரைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். திரையில் அந்தப் பெண் கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தது. கோதண்டபாணிக்குத் தன் வயிறே நிரம்பின மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக இலைப் பக்கம் திரும்பினார்.

இலையில் வெறும் சோறு மட்டும் இருந்தது.

"மீனு ஆறிப்போவுதேன்னு நான் சாப்புட்டுட்டேன்" என்றாள் சொர்ணாம்பாள். "அந்தக் கப்ப இப்படி நீட்டுங்க, மோரு ஊத்தறேன்."