கும்பல் அண்ணாத்தேயும் மலையேறிய எம்.பி.ஏ.க்களும்

ஊரே காலி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும். காலி பஸ் வந்து நின்றால் அதைப் போகவிட்டு, படியில் ஆள் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸாகப் பார்த்து ஏறிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். "காலி பஸ்ல இன்னா கீது நைனா? சீட்டுதான் கீது" என்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கும்பல். மரியாதைக்கு, கும்பல் அண்ணாத்தே.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்து அப்போதுதான் நெடுஞ்சாலை வழியாகப் பூந்தமல்லிப் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. குமணன்சாவடியைத் தாண்டி, வயலாக இருந்த ஓரிடத்தில் ஒரு மேலாண்மைக் கல்லூரி முளைத்தது. கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை பெரியது. அதன் டைரக்டர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டு, வகுப்பு தொடங்கும் முன்பே புது மாணவர்களை மூன்று நாள் மலைக்குக் கூட்டிப்போய்க் கயிற்றில் தொங்கவிட்டால் தலைமைப் பண்பு தானாகச் சுரந்துவிடும் என்று நம்பினார். ஒவ்வொரு வருஷமும் ஒரு கும்பலை அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு இடம் கிடைத்த வருஷம் என்னையும் அனுப்பினார்.

என் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டார்ச் லைட், கம்பளி, கான்வாஸ் ஷூ வேண்டும் என்று நான் போய் நின்றதும், "ஏலே, நீ படிக்கப் போறியா, பட்டாளத்துக்குப் போறியா?" என்றார். நான் எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. குவார்ட்டர்ஸில் என்னோடு கிரிக்கெட் ஆடியவர்கள் எல்லாம் ஐ.டி.ஐ. முடித்து ஆளுக்கொரு தொழிற்சாலைக்குள் போய்விட்டார்கள். சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் நானும் ஸ்டம்ப்பும்தான்.

புறப்பட வேண்டிய காலையில் குமணன்சாவடி ஜங்ஷனில் கல்லூரி பஸ் நின்றிருந்தது. அதைச் சுற்றி எதிர்கால நிர்வாகிகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் நின்றார்கள். சிலர் ஆங்கிலத்தில் சிரித்தார்கள். நான் ஒரு சைக்கிள் கடை நிழலில் நின்று, ஏதோ அவசர வேலை இருப்பவன்போல ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் சிவப்பு டை. தோளில் ஒரு மூட்டை. நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, தனியா நின்னுகினு கீறே?"

"சும்மாதாண்ணே."

"சும்மா நிக்கிறத கும்பலா நில்லு. வா!"

கையைப் பிடித்து இழுத்துப்போனார். போகிற வழியில் இன்னும் நாலு பேரைப் பிடித்தார். ஆங்கிலத்தில் சிரித்தவர்களையும் விடவில்லை. மூட்டையைப் பிரித்தால் உள்ளே எலுமிச்சைச் சாதம். ஒரு பஸ்ஸுக்கே போதும். "மூணு அடுப்பு வெச்சிக் கெளறினேன்" என்றார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்டவ் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்களோடு வந்த விரிவுரையாளர், நிறுவனங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற பாடத்தை எடுப்பவர். அந்தப் பாடத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அவரை ஓ.பி. சார் என்பார்கள். பெயருக்குத் துரோகம் செய்யாமல் பஸ் கிளம்பியதுமே தூங்கிவிட்டார். பயணத்தை நடத்தியது கும்பல்தான். அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி இடம் மாற்றி உட்காரவைத்தார். பாட்டுப் பாடவைத்தார். என் பக்கத்தில் அம்பத்தூர் ரேவதியைக் கொண்டுவந்து உட்காரவைத்து, "இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒரே டீமு. சண்ட போட்டாலும் இங்கியே போடுங்கோ" என்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள் ரேவதி. வெடுக்கென்று பேசுவாள். அதனாலேயே அவளுக்கும் தோழிகள் கிடையாது.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லையில் ஒரு மலை. அடிவாரத்தில் ஓடை. மலையேற்றக் கம்பெனியிலிருந்து இரண்டு கயிறு மாஸ்டர்கள் காத்திருந்தார்கள். கும்பல் இறங்கியதும் அவர்களுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார். "மலை ஏறசொல்லோ மூக்கால மூச்சு உடக்கூடாது. காது அடைச்சிக்கும்." அவர் சொன்னது ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை. அவர் கட்டிய கூடாரம், ஓ.பி. சார் உள்ளே போய்ப் படுத்ததும் மெதுவாக அவர்மேல் படுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து, "யாரு? யாரு மேல ஏர்றது?" என்று சத்தம் கேட்டது.

அன்று மாலை நம்பிக்கைப் பயிற்சி. ஒருவர் ஆளுயரப் பாறையில் ஏறிக் கண்ணை மூடி முதுகுப்பக்கமாகச் சாய வேண்டும். கீழே எட்டுப் பேர் கை கோத்து நின்று பிடிக்க வேண்டும். யார் முதலில் என்று கயிறு மாஸ்டர் கேட்டதும் எல்லோரும் மேகத்தைப் பார்த்தார்கள்.

"நவுரு நைனா, நான் உய்றேன்" என்று கும்பல் ஏறினார். டையை நேராக்கிக்கொண்டார். தொபீரென்று சாய்ந்தார். பிடித்துவிட்டோம். இறங்கியவர் மறுபடியும் பாறையடிக்குப் போனார்.

"சார், உங்க முறை முடிஞ்சுது."

"இன்னொரு தபா உய்ந்துக்கறேன் மாமே. பசங்களுக்குப் பயம் தெளியணும்ல?"

எங்கள் பயம் எப்போதோ தெளிந்துவிட்டது. அவர் விட்டால்தானே? மறுபடி, மறுபடி விழுந்தார். எங்கள் தோள்கள் கழன்றன. "அண்ணே, போதும்ணே, கை விட்டுப்போச்சு" என்று கெஞ்சினோம். விழுந்த ஒவ்வொரு தடவையும் எங்கள் கைகளிலேயே கிடப்பார். உடனே கண்ணைத் திறக்கமாட்டார். நாங்கள் இறக்கிவிட்ட பிறகுதான் திறப்பார். அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மறுநாள் பிற்பகல் வேறொரு பயிற்சி. ஆளுக்கொரு பாறை. ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் படக்கூடாது. விசில் ஊதும்வரை பேசாமல் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கும்பலின் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. "தனியாவா? தனியா குந்திகினு இன்னா பண்றது?"

"யோசிக்கணும் சார்."

"கும்பலா குந்திகினு யோசிச்சா யோசன வராதா?"

என்னை ஒரு புளியமரத்தடிப் பாறையில் விட்டுப் போனார்கள். வாழ்க்கையைப் பற்றி யோசித்தேன். ஆவடி மைதானத்தில் ஒரு வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது இந்தப் பயிற்சியைத்தான் என்று தோன்றியது. இதற்கு மலை எதற்கு? அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"நைனா, யோசன வந்துச்சா?"

"இல்லண்ணே."

"எனுக்கும் வர்ல. நவுரு."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் விரட்டவில்லை. கயிறு மாஸ்டர் வந்து அவரை இழுத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் ரேவதியின் பாறையிலிருந்து அவர் குரல் கேட்டது. அப்புறம் இன்னொருவர் பாறையிலிருந்து. கடைசியில் பொறுமை இழந்த மாஸ்டர், அவரை ஓடையைக் கடக்கவைத்து அக்கரையோரத்தில் ஒரு பாறையில் உட்காரவைத்தார். "சார், நானே வந்து கூப்பிடற வரைக்கும் இறங்கக் கூடாது. இது உத்தரவு."

திடீரென்று மழை பிடித்தது. சாதாரண மழையில்லை. மலையே தெரியவில்லை. இன்னொரு மாஸ்டர் விசிலை ஊதினார். எல்லோரும் முகாமுக்கு ஓடிவந்தோம். பெரிய தார்ப்பாயின் கீழே ஒண்டிக்கொண்டு தலையைத் துவட்டினோம். கொஞ்ச நேரம் கழித்து ரேவதி சொன்னாள்:

"என்னமோ ரொம்ப அமைதியா இருக்குல்ல?"

அப்போதுதான் கவனித்தோம். கும்பல் இல்லை.

கயிறு மாஸ்டர் ஓ.பி. சாரிடம் ஓடினார். "சார், உங்க ஆளு ஒருத்தர் வரல."

"எங்க ஆளா? அவர் உங்க கம்பெனி இன்ஸ்ட்ரக்டர் இல்லையா?"

"ஐயோ, நாங்க அவர காலேஜ் ஆபீஸ் ஆளுன்னு நெனச்சோம் சார்."

இருவரும் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவரை இரண்டும் என்று நினைத்திருந்தோம். மூன்று தரப்பிலும் யாருக்கும் அவர் பெயர்கூடத் தெரியாது. ஓ.பி. சார் நெற்றியைத் துடைத்தார். குரலில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்போ டெக்னிக்கலா பாத்தா, நம்மள்ல யாரும் காணாமப் போகல."

ரேவதி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"சார், அங்க நனையறவருக்கு டெக்னிக்கல் எல்லாம் தெரியாது."

அவள் இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள், ஆங்கிலத்தில் சிரித்தவர்கள் உள்பட.

"கும்பல்! அண்ணாத்தே!" என்று கத்திக்கொண்டே ஓடைக்குப் போனோம். மதியம் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் இப்போது செம்மண்ணாகப் புரண்டு மார்பளவுக்கு வந்திருந்தது. அந்தப் பக்கம் பாறைமேல் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாறையின் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"சாப்டியா?"

"ஆச்சு நைனா."

"நல்லாகீறியா?"

"கீறேன், கீறேன்."

கேட்டதும் அவர்தான், பதில் சொன்னதும் அவர்தான். கேள்விக்கு ஒரு குரல், பதிலுக்கு ஒரு குரல். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ரேவதி கூப்பிட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "மாஸ்டர் வந்து கூப்டாதான் எறங்கணும்னு உத்தரவும்மா!"

"மாஸ்டர் இதோ நிக்கிறாரு! இறங்கி வாங்க!"

மாஸ்டர்கள் மரத்தில் கயிற்றைக் கட்டி, ஒருவர் நீந்தி அக்கரைக்குப் போய் அங்கேயும் கட்டினார். கயிற்றைப் பிடித்தபடி நாங்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கினோம். கடைசி ஆள் நான். பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் இறங்கவில்லை.

"எனுக்கு நீச்ச தெரியாது நைனா!"

கரையோரத்திலிருந்து ரேவதி கத்தினாள். "எங்களுக்கும்தான் தெரியாது! கும்பலா நிக்கிறோம்ல? இறங்குங்க!"

இறங்கினார். என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு தோளாகப் பிடித்துக் கரைக்கு வந்த பிறகும், யாராவது ஒருவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

தார்ப்பாயின் கீழே ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்தோம். ஓ.பி. சார் கேட்டார். "நீங்க யாரு சார்?"

கும்பல் தலையைக் குனிந்தபடியே சொன்னார். அந்தக் கல்லூரி தொடங்கிய வருஷமே சேர்ந்த மாணவர் அவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடித்து, இடம் வாங்கி, இதே மலைக்கு இதேபோல வந்திருக்கிறார். திரும்பிப் போனபோது தொழிற்சாலையில் அவரை நிரந்தரமாக நைட் ஷிஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள். கம்ப்ரஸர் அறை. அவரும் இயந்திரமும் மட்டும். விடிய விடிய விழித்திருந்துவிட்டுப் பகலில் வகுப்புக்குப் போக முடியவில்லை. வேலையை விடவும் முடியவில்லை. அம்மா படுக்கையில் இருந்தார். அந்த வருஷமே அம்மாவும் போய்விட்டார். பருத்திப்பட்டில் ஒற்றை அறை. ஊர் விழித்திருக்கும்போது அவர் தூங்குவார். ஊர் தூங்கும்போது அவர் வேலைக்குப் போவார்.

"அந்த மூணு நாளுதான் சார் நான் படிச்ச காலேஜி. அதான் வருசா வருசம் லீவ் சேத்து வெச்சிகினு வந்துடுவேன். இதுவரிக்கும் யாரும் கேக்கல. வெரட்டுறதுன்னா ஊத்துக்கோட்டைல எறக்கி உட்ருங்கோ, போய்க்கிறேன்."

ஓ.பி. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது?"

"யாரும் காணாமப் போகலன்னு எழுதுங்க சார்" என்றாள் ரேவதி.

ஓ.பி. சார் எழுந்துபோய்த் தன் பையிலிருந்து காய்ந்த லுங்கி ஒன்றை எடுத்துவந்து கும்பலிடம் நீட்டினார். மூன்றாம் நாள் பஸ்ஸில் அவர் தூங்கவும் இல்லை. கும்பலோடு சேர்ந்து பாடினார். தூங்கியிருக்கலாம் என்று தோன்றும்படி பாடினார்.

வகுப்புகள் தொடங்கின. பாடம், பரீட்சை, ஓட்டம். கும்பலுக்கு மனதில் ஒரு மூலை இருந்தது, அவ்வளவுதான். ஓடையில் வெள்ளம் வந்த செய்தி டைரக்டரின் காதுக்குப் போனதும் மலைப் பயணத்தையே நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் புது மாணவர்களுக்கு அரங்கத்தில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டப்போவதாக அறிவித்தார்கள். அதைக் கேட்ட அன்று ரேவதி என்னிடம் வந்தாள்.

"அவருக்கு யாரு சொல்லுவா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. புது மாணவர்கள் சேரும் காலையில் நாங்கள் ஆறேழு பேர் குமணன்சாவடிக்குப் போனோம். அரைக்கால் சட்டையும் டையுமாக நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பஸ் இன்னும் வர்ல மாமே" என்றார்.

சொன்னோம். கொஞ்ச நேரம் லாரிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப செரி" என்றார். "நீங்க கௌம்புங்கோ, உங்களுக்கு கிளாஸ் இருக்கும்."

"இன்னிக்கு கிளாஸ் இல்லண்ணே" என்றேன். இருந்தது. "உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவருக்குப் புரியவே இல்லை. திரும்பத் திரும்ப, "என் ஊட்டுக்கா? கும்பலாவா?" என்று கேட்டார்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் வரிசை வீடுகளில் ஒன்று. உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு ஸ்டவ். உட்கார இடம் போதாமல் பாதிப் பேர் வாசலில் நின்றோம். அவர் வீடு வீடாக ஓடித் தட்டுகளைக் கடன் வாங்கினார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, உன் ஊட்டுக்குக்கூட ஆள் வருமா?" என்றாள்.

"என் காலேஜ் பசங்கம்மா" என்றார். எங்களைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்த வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

உப்புமா கிளறினார். இருந்த பதற்றத்தில் உப்புப் போட மறந்துவிட்டார். யாரும் அதைச் சொல்லவில்லை. ரேவதி, "அண்ணே, இன்னொரு கரண்டி" என்றாள். நானும் தட்டை நீட்டினேன்.