கவுன் என்ன நிறம்?

ஃபேஷன் ஷோ ராம்ப் தொடங்கும் இடத்தில் எடுத்த படத்தில் கவுன் செம்பு நிறமாக இருந்தது. நடுவில் எடுத்ததில் பாசிப் பச்சை. கடைசியில், பெரிய ஜன்னலுக்கு எதிரே எடுத்ததில் நல்ல கத்தரிப்பூ ஊதா. கவுன் ஒன்றுதான். போட்டிருந்த பெண்ணும் ஒருத்திதான். இடையில் அவள் நடந்த தூரம் மொத்தம் இருபத்திரண்டு அடி.

அசையாதார் கேமராவைத் தட்டினார். ஊதினார். அதன் முதுகில், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல், புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

அவருடைய உண்மைப் பெயர் மனைவிக்கு மட்டும் தெரியும். கோபம் வந்தால் சொல்வாள். முப்பது வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவர். "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அவர் சொன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தவர் மட்டுமில்லை, சுவரில் போகிற பல்லியும் நிற்கும். ஒரு தடவை தும்மல் வந்த ஒருவர், அவர் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அடக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த்தான் தும்மினார்.

ஆனால் நடக்கிற ஆளை அவர் இதுவரை படமெடுத்ததில்லை. ஒரே ஸ்டூல், இரண்டு விளக்கு, ஒரே திரை என்று இருந்தவரை இந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவள் மச்சினி.

மச்சினியை வீட்டில் சின்னவள் என்பார்கள். வங்கி வேலையை உதறிவிட்டு, இரண்டு வருஷம் ஒரு வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இந்தத் துணியை நெய்து சாயம் ஏற்றியவள். அறைக்குள் ஒரு ஈயைக்கூட விடவில்லை. இன்று நாலு பேர் தைத்த உடைகள் இந்த மண்டபத்தில் ராம்ப் ஏறுகின்றன. ஒரு பெரிய துணிக்கடையின் கொள்முதல் மேடம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார், படங்களையும் பார்ப்பார், நாலு பேரில் ஒருவருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கிடைத்தால் சின்னவளுக்குச் சொந்தத் தறிக்கூடம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பழைய வங்கி மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த மேனேஜர், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வதற்காக இரண்டு வருஷமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"அவ வாழ்க்கையே உங்க கையிலதாங்க இருக்கு," என்றாள் மனைவி. வாயில் நாலு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் பேச்சு இன்னும் கூர்மையாக இருந்தது. "சொதப்பினீங்கன்னா கடையிலயே படுத்துக்கலாம். ஸ்டூல் இருக்குல்ல?"

அசையாதார் உடை மாற்றும் அறை வாசலில் போய் நின்றார். "சின்னவளே, ஒரு சந்தேகம். இந்தத் துணி என்ன நிறம்மா?"

சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மற்ற மூன்று போட்டியாளர்களும் அதே அறையில் காதைத் தீட்டிக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க மாமா," என்று சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "நிறத்துலதான் மாமா எல்லாமே இருக்கு. அதை மட்டும் விட்டுடாதீங்க. ஃப்ளாஷ் போடவே கூடாது, சரியா?"

"என்கிட்ட விட்டுட்டேல்ல? இனி நான் பாத்துக்கறேன்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் போனதும், அவளும் நிம்மதியாக ஊசியில் நூல் கோத்தாள்.

முதலில் சாட்சிகளை விசாரித்தார். கவுனைப் போட்டிருந்த நெட்டைப் பெண்ணிடம் கேட்டார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? ராம்ப்ல குனியவே கூடாது. நாலு வருஷமா என்ன போட்டுக்கறேன்னே நான் பாத்ததில்ல."

மனைவியிடம் கேட்டார். "பச்சைதானே? கண்ணாடி எங்க உங்களுது?"

மண்டபத்துச் சாவிக்காரரிடம் கேட்டார். இடுப்பில் அறுபது சாவிகள் தொங்க, நடந்தால் மாட்டு வண்டி வருகிற சத்தம் போடும் மனிதர். ஜன்னலோரமாக நின்றிருந்த அவர், "ஊதாங்க. இதுல என்ன சந்தேகம்?" என்றார்.

அசையாதாருக்கு உள்ளே ஏதோ குறுகுறுத்தது. முப்பது வருஷத்தில் அவரைப் பார்த்து இப்படி முகத்தை மாற்றிக்கொண்ட பொருள் வேறெதுவும் கிடையாது.

கேமராவுக்கு வெள்ளை எது என்று காட்டிவிட்டால் மற்ற நிறங்களைத் தானே சரிசெய்துகொள்ளும். அது தொழில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு ராம்பில் மூன்று இடத்திலும் போய்க் காட்டினார். மூன்று இடத்திலும் தாள் வெள்ளையாகவே வந்தது. கவுன் மட்டும் செம்பு, பச்சை, ஊதா.

"தாள் சரியில்ல," என்று முடிவுக்கு வந்தார். மண்டபம் முழுக்கத் தேடியதில், சந்தேகத்துக்கு இடமில்லாத வெள்ளை ஒன்றே ஒன்றுதான் தென்பட்டது. சாவிக்காரரின் மீசை.

"ஒரு நிமிஷம் இப்படி வாங்கண்ணே. அசையாதீங்க."

சாவிக்காரர் அசையவில்லை. அறுபது சாவிகளும் அசையவில்லை. மூன்று இடத்திலும் மீசை பால்போல் வந்தது. கவுன் அதே செம்பு, பச்சை, ஊதா.

அப்போதுதான் அசையாதார் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். தொடக்கத்தில் வரிசையாக மஞ்சள் குண்டு பல்புகள். நடுவில் எட்டு டியூப்லைட்கள். கடைசியில் ஜன்னல் வழியாகப் பிற்பகல் வெளிச்சம்.

"அடப்பாவி! ஒரு மண்டபத்துக்கு மூணு விதமாவா வெளிச்சம் போடுவாங்க? யாரு வேலை இது?"

"லைட்டுக்காரர் காலையிலயே வந்து நாடா பிடிச்சு அளந்து அளந்து மாட்டினாருங்க. இப்பத்தான் வண்டியை எடுத்துட்டுச் சாப்பிடப் போனாரு."

"அளந்துமா இந்த லட்சணம்? அளக்காம விட்டிருந்தா?"

"ஸ்விட்சுப் பலகையில சீட்டுகூட ஒட்டியிருக்காருங்க, யாரும் தொடக் கூடாதுன்னு."

"யாரும்னா பொதுமக்கள். நான் தொழில்காரன்." அசையாதார் சாவிக்காரரின் தோளில் கைபோட்டார். "உங்க மீசைக்குன்னு தனியா ஒரு படம் எடுத்துத் தர்றேன். முன்பக்கம் ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. ஏணி இருக்கா?"

சாவிக்காரரிடம் அதுவரை யாரும் மீசையைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. ஏணி வந்தது.

முதல் காரியமாக ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். திரை சிவப்பு. வெயில் அதன் வழியாக வந்ததும் பாதி மண்டபம் வெட்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது. முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்து அவர் சம்சாரம், "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று பதறினாள்.

திரை உதவாது என்று, மேடைக்குப் பின்னால் ஹேங்கரில் தொங்கிய பத்தடிக் கறுப்புத் துணி ஒன்றை எடுத்து ஜன்னலை மூடினார் அசையாதார். வெயில் ஒழிந்தது. அந்தத் துணி இரண்டாவது போட்டியாளர் ஆறு மாதம் உட்கார்ந்து தைத்த மேலங்கி என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்தது டியூப்லைட். ஸ்விட்சை அணைத்தால் எட்டும் அணைந்தன. கூடவே மண்டபத்து மின்விசிறிகள் பதினாறும் நின்றன.

"ரெண்டுக்கும் ஒரே லைனுங்க," என்றார் சாவிக்காரர்.

"பரவாயில்ல. காத்துக்கு நிறம் கிடையாது."

மிஞ்சியது குண்டு பல்புகள். ஏணியில் ஏறி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, பதினெட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். இப்போது மண்டபத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. எதுவுமே தெரியவில்லை.

அந்த இருட்டில் அவர் முகம் மலர்ந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது. கடையிலிருந்து கொண்டுவந்த, குடை விரித்த இரண்டு ஸ்டூடியோ விளக்குகளை ராம்புக்கு இரு பக்கமும் நிறுத்தினார். ஃப்ளாஷ்தான் கூடாது என்றாள். குடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைப் போட்டார். பாஸ்போர்ட் கடையின் அதே நேர்மையான வெளிச்சம் இருபத்திரண்டு அடிக்கும் பரவியது.

ஒரே ஒரு இடைஞ்சல். வாகனம் நிறுத்தும் பக்கம் இருந்த கதவை யாராவது திறக்கும்போதெல்லாம் ஒரு கீற்று வெயில் வந்து ராம்பைத் தொட்டது.

"அதையும் சாத்திப் பூட்டிடுங்கண்ணே."

சாவிக்காரர் அறுபதில் சரியான சாவியை முதல் தடவையிலேயே எடுத்தார். அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. பூட்டிய கையோடு நிகழ்ச்சி தொடங்கியது.

முதல் போட்டியாளரின் உடைகள் வேர்த்துக்கொண்டே வந்து போயின. இரண்டாமவருடைய உடைக்கு 'இரவு ராணி' என்று பெயர். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் ராணி மட்டும் வந்தாள். இரவு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாமவர் வரும்போது பெண்களின் முகப்பூச்சு உருகிப் புருவங்கள் கன்னத்துக்கு இறங்கியிருந்தன; புதுப் பாணி போலிருக்கிறது என்று பலர் குறித்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் பூட்டிய கதவை யாரோ வெளியிலிருந்து தட்டத் தொடங்கினார்கள். தட்டல் இடியாக மாறியது. இடிக்கு ஒரு தாளமும் வந்து சேர்ந்தது. நடந்துகொண்டிருந்த பெண்கள் அதற்கேற்ப அடியெடுத்து வைக்க, பாட்டுப் போடுகிறவர் வெட்கப்பட்டுத் தன் பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

"யாருங்க அது?" என்று கேட்டாள் மனைவி.

"மேளத்துக்கு ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. நகரு, மறைக்காத."

நாலாவதாக நெட்டைப் பெண் அந்தக் கவுனில் வந்தாள். அறிவிப்பாளர் தாளைப் பார்த்து, "கண் இமைக்காமல் கவனியுங்கள்!" என்றார். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தது. கொள்முதல் மேடம் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அசையாதார் சுட்டுத் தள்ளினார். தொடக்கத்தில் இருபத்தெட்டு படம், நடுவில் இருபத்தெட்டு, கடைசியில் இருபத்தெட்டு. கேமராவின் முதுகுத் திரையில் படங்களைத் தள்ளிப் பார்த்தார்.

எண்பத்துநாலிலும் கவுன் ஒரே நிறம். தொடக்கத்தில் ஈரச் சிமெண்ட். நடுவில் ஈரச் சிமெண்ட். கடைசியிலும் அதே சிமெண்ட், அதே ஈரம்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது? இதுக்கா ரெண்டு வருஷம் தூங்காமக் கெடந்தா?"

"எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. கடையில படத்தை வாங்கினதும், 'நான் இப்படியா இருக்கேன்?'னு கேக்காத ஆளே கிடையாது. இப்படித்தான் இருக்கோம். வெளிச்சம் ஒண்ணா இருந்தா உண்மை தன்னால வெளிய வந்துடும்."

"உண்மை இவ்வளவு அசிங்கமாவா இருக்கும்?"

"பெரும்பாலும்."

ஆனாலும் அவருக்கு உள்ளூர ஒரு சின்ன வருத்தம். சின்னவள் இன்னும் கொஞ்சம் கலகலப்பான நிறமாகப் பார்த்து எடுத்திருக்கலாம். சரி, நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவள். அதைக் காப்பாற்றிக் கொடுத்தது தான். தன் வேலையில் குறையில்லை.

கடைசியில் போட்டியாளர்களை மேடைக்கு அழைத்தார்கள். மாலைவரை அறையைவிட்டு வராத சின்னவள், கூந்தலைச் சரிசெய்துகொண்டு, சிரிப்பும் பூரிப்புமாக ஓடி வந்தாள். இரண்டு அடி வைத்தவள் நின்றாள். கூரையைப் பார்த்தாள். கறுப்பாகி நின்ற ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு குடைகளைப் பார்த்தாள். பிறகு, குடைக்குக் கீழே பெருமையோடு நின்ற மாமாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் திரண்டது.

"பாத்தியா? அழறா," என்று மனைவியிடம் கிசுகிசுத்தார் அசையாதார். "சந்தோஷம் தாங்கல."

கொள்முதல் மேடம் எழுந்து வந்தார். படங்களைக் கேட்டார். எண்பத்துநாலையும், ஒன்றுகூட விடாமல், பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நடுவில் இரண்டு தடவை பின்னால் போய் மறுபடியும் முதலிலிருந்து வந்தார். மண்டபத்துக் கதவு அந்தப் பக்கம் இடிபட்டுக்கொண்டே இருந்தது.

"ரொம்பத் தெளிவா எடுத்திருக்கீங்க சார்," என்றார் மேடம். "ஒரு படத்துலகூட நிறம் இம்மியும் மாறல."

"அதுக்குத்தாங்க மேடம் மத்தியானத்துலேருந்து பாடுபட்டேன்!"

மேடம் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சின்னவள் பக்கம் அன்பாகத் திரும்பினார்.

"எல்லாம் சரிம்மா. விளக்குக்கு விளக்கு நிறம் மாறுற துணி கண்டுபுடிச்சிருக்கேன்னு சொல்லித்தானே என்னை இவ்வளவு தூரம் வரவெச்சீங்க? அதை எப்பக் காட்டப் போறீங்க?"